அக்கா கேட்ட ஒரு படம்

2018 அக்டோபரில், தென்காசியிலிருந்து போன் செய்த ஒருவரிடம் நான் பொய் சொன்னேன். "படமெல்லாம் எடுத்தேன் அக்கா. மெமரி கார்டு கெட்டுப்போய் எல்லாம் அழிஞ்சிருச்சு." ஒரு படமும் நான் எடுத்திருக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "போகட்டும் தம்பி, நீங்க மெனக்கெட்டதே போதும்" என்றார். அந்த வார்த்தை இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டெல்லியில், மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருப்பவன். அக்காவின் வீடு அப்போது நேதாஜி நகரில், நடந்து போகும் தூரம். அவர்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். கிருத்திகை தவறாமல் ஆர்.கே. புரம் மலை மந்திரில் சந்திப்போம். 1992-ல் அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வருடம் அக்கா வாசலில் ஒரு வேப்பங்கன்று நட்டார். 26 வருடத்தில் அது மாடி வீட்டு ஜன்னலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்ட 2016-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. 2018 தொடக்கத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. அக்காவின் கணவருக்கு ஏப்ரலில் ஓய்வு. அவர்களும் தென்காசிக்குக் கிளம்பவிருந்தார்கள்.

அந்த மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், மனிதர்களைப் பார்க்க அல்ல, சுவரைப் பார்க்க. வீட்டின் பக்கச் சுவர் பூசாத செங்கல் சுவர். லென்ஸைச் சோதிக்க அதைப்போல் வசதியானது கிடையாது. கல்லுக்கு நடுவில் ஓடும் சாந்துக் கோடு வளைந்தால் லென்ஸின் குறை தெரிந்துவிடும். படத்தின் நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். நண்பரிடம் இரவல் வாங்கிய லென்ஸ், என் நிக்கான் டி7200, முக்காலி எல்லாம் தயார்.

அக்கா காபியோடு வந்து நின்றார். "தம்பி, இன்னும் ரெண்டு மாசத்துல காலி பண்ணணும். வாசல்ல இந்த வேம்போட சேத்து எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துக் குடுங்க. அங்க போயி மாட்டிக்கிடுவோம்."

கேமரா முக்காலியில் இருந்தது. அத்தான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேம்பு இலையுதிர்த்துத் தாமிர நிறத்தில் தளிர்விட்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. நான் சொன்னது இது: "இதுல வேண்டாம் அக்கா. மிரர்லெஸ் வாங்கப்போறேன், அதுல நல்லா எடுத்துத் தர்றேன்." அடுத்து, "கொஞ்சம் நகருங்க, சுவர் மறைக்குது" என்றேன்.

அவர் நகர்ந்தார். வேம்பின் நிழல் நகரவில்லை. சோதனைக்கு இடைஞ்சல் என்று, அது சுவரை விட்டு விலகும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அப்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கையும் சொல்ல வேண்டும். என் டி7200 போன்ற டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை 45 டிகிரி சாய்வில் இருக்கும் கண்ணாடி மேலே திருப்பிவிடுகிறது. நாம் பார்ப்பது அசல் வெளிச்சம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சார் பார்ப்பதைச் சிறு திரையில் நாம் பார்க்கிறோம். படம் இருட்டாக வருமா, வெளிறிப்போகுமா என்று அழுத்தும் முன்பே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் எடுக்கலாம், முகத்தைத் தேடிக் கண்ணில் ஃபோகஸ் வைக்கும். அதன் குறை பேட்டரி. டி7200-க்கு ஒரு சார்ஜில் 1,110 படம் என்பது கணக்கு. 2018-ல் வந்த மிரர்லெஸ்ஸான சோனி ஏ7 III-க்கு 710.

நிக்கான் வேறு அந்தக் கோடையில் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் கொண்டுவரப்போகிறது என்று பேச்சு. 1959 முதல் இருந்த எஃப் மவுண்ட் என்ற லென்ஸ் பொருத்தும் வாய்க்குப் பதில் புது மவுண்ட் என்றால் என் பழைய லென்ஸெல்லாம் என்ன ஆகும்? நோட்டில் கட்டம் போட்டு மாதக்கணக்கில் எழுதினேன். சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரி கேமராக் கடைகளில் விலை விசாரித்தேன். வீட்டில் கேட்டால் போட்டோகிராபி செய்துகொண்டிருக்கிறேன் என்பேன். நானும் அதை நம்பினேன்.

மே மாதம் அக்கா கிளம்பினார். "வீடு இருக்கத்தான் போகுது அக்கா, நிதானமா போயி வீட்டையும் மரத்தையும் எடுத்து அனுப்புறேன்" என்றேன். ஜூனில் மரம் வெட்டும் சேதி ஊரெங்கும் பரவியது. ஏழு குடியிருப்புகளிலும் சேர்த்து 14,000 மரங்களுக்கு மேல் என்றார்கள். ஜனங்கள் வெயிலில் கூடி மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாதக் கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அங்கே போனவர்கள் கையிலிருந்த செல்போனில் மரங்களைப் படம் எடுத்தார்கள். நான் போகவில்லை. ஆகஸ்டில் நிக்கான் இசட்6 அறிவிப்பு வந்தது. அது கைக்கு வரட்டும் என்று இருந்தேன். அக்டோபரில் அக்காவின் போன் வந்தது.

அந்தப் பொய்யில் இன்னொரு கேவலம் உண்டு. டி7200-ல் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் படம் போகக்கூடாது என்றுதான் 2015-ல் அதைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதை நம்பித்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

டிசம்பரில் புதுக் கேமராவோடு நேதாஜி நகருக்குப் போனேன். அக்கா வீட்டு வரிசையைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. மேலே வேம்பின் தலை தெரிகிறதா என்று நாலு பக்கமும் நடந்து பார்த்தேன். தெரியவில்லை. வாங்கிய கேமரா பழையதைவிட 90 கிராம் எடை குறைவு. ஆசையாக வைத்திருந்த பழைய 50 எம்எம் டி வகை லென்ஸுக்கு அதில் ஆட்டோஃபோகஸ் இல்லை. ஒன்பது மாதம் தள்ளிப்போட்டதில் எனக்குக் கிடைத்த லாப நஷ்டம் இவ்வளவுதான்.

ஏன் அன்று எடுக்கவில்லை? பேராசை என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. உண்மையான காரணம் பயம். சுவர் என் படத்தைப் பார்த்து எதுவும் சொல்லாது. அக்கா அதை வீட்டில் மாட்டி, வாழ்நாள் முழுக்கப் பார்ப்பார். நன்றாக வராவிட்டால் எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும். எந்தக் கேமரா என்று யோசித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் என்னைச் சோதிக்க முடியாது. அந்த ஒப்பீட்டுக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

இப்போது யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். நிக்கான், கேனான் இரண்டின் கடைசிப் பெரிய டிஎஸ்எல்ஆர்கள் 2020-ல் வந்தவை. அவற்றின் புது லென்ஸ்களெல்லாம் மிரர்லெஸ்ஸுக்கே வருகின்றன. புதிதாக வாங்குபவர் அந்தப் பக்கம் போகலாம். கையில் பணம் குறைவென்றால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் லென்ஸும் மலிவாகக் கிடைக்கும், பல வருடம் உழைக்கும். பத்து நாளில் முடிவு செய்யுங்கள். அந்தப் பத்து நாளுக்குள் யாராவது உங்களிடம் படம் கேட்டால், கையில் இருப்பதில் அன்றே எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் அடுத்த மாதம் ஓய்வுபெற்றுப் போகிறார். போன ஞாயிறு நானாகப் போய்க் கேட்டு, குடும்பத்தை வாசலில் நிறுத்திப் பழைய டி7200-ல் எடுத்தேன். படம் சுமார்தான், கதவு கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது. அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகுதான் தென்காசிக்குப் போன் செய்யும் தைரியம் வந்தது. அத்தான் 2021-ல் காலமாகிவிட்டார். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் சத்தமில்லை.

"அன்னைக்குச் சுவத்தை எடுத்தீங்களே, அது இருக்கா தம்பி?"

"இருக்கு அக்கா."

"அதுல வேம்பு வருமா?"

"வராது அக்கா."

"நிழலாவது?"

நிழல் விழுந்த படங்களைச் சோதனைக்கு ஆகாதென்று அன்றே அழித்திருந்தேன். அதையும் சொன்னேன்.

"சரி தம்பி, வச்சிரட்டுமா" என்றார்.