சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

மதுரை நகரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களிடம், "வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு போகலாம்" என்று யாராவது சொன்னால், வாயில் சர்க்கரை போட்டதுபோல் இருக்கும். என் சிநேகிதர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அப்படியே செய்துவிட்டார். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு தண்ணீர்த் தொட்டி, எரிவாயு அடுப்பு, மின்சார விளக்கு, விசிறி எல்லாம் பொருத்தினார். இத்தகைய வண்டிக்குக் கேரவன் என்று பெயர். அவருடைய மனைவியாருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "வீட்டு வண்டி" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அந்த வீட்டு வண்டியில் இரண்டு குடும்பங்களும் அழகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். மதுரையிலிருந்து அழகர்கோவில் சுமார் இருபது கிலோமீட்டர். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் என்று ஒவ்வோர் ஊராகப் பின்னால் நகர்ந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகைக்கு எழுந்தருளும் வழி இதுதான். வழிநெடுகிலும் சுவாமி தங்கிச் செல்லும் மண்டபங்கள். மற்ற நாட்களில் அவை பேச்சுமூச்சின்றி நிற்கின்றன. சித்திரை பிறந்தாலோ ஒவ்வொரு மண்டபத்துக்கும் உயிர் வந்துவிடுகிறது. எதிரே அழகர் மலை நீலமாகப் படுத்துக் கிடந்தது. வெயில் ஏறுவதற்கு முன் பாண்டி நாட்டுச் சமவெளியைப் பார்ப்பதைப் போன்ற இன்பம் வேறில்லை. ஆனால் அந்த இன்பத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. எட்டு மணி அடித்தால் போதும், சூரியன் தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கிவிடுவான்.

அப்பன் திருப்பதியைத் தாண்டியதும் ஒரு புளியந்தோப்பு வந்தது. "இங்கே நிறுத்திக் காப்பி போட்டுச் சாப்பிடலாம்" என்றார் சிநேகிதர். வண்டிக்குள்ளேயே அடுப்பை மூட்டிக் காப்பி போடும் வைபவத்தை எங்களுக்குக் காட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

அப்போது தோப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலண்டை நின்று, "ஏன் தாயி, வண்டிக்குள்ளேயா அடுப்பு மூட்டுறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியவரே! எல்லா வசதியும் உள்ளேயே இருக்கிறது" என்றார் சிநேகிதர் பெருமையுடன்.

"நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையிலே திருமங்கலத்துப் பக்கமிருந்து கூண்டு வண்டி கட்டிக்கிட்டு அழகரைப் பார்க்க வருவோம். பாயி, சட்டி, பானை, அரிசி, பருப்பு, பிள்ளைகுட்டி அம்புட்டும் வண்டியிலே ஏறும். அடுப்பு மட்டும் ஏறாது. மாட்டை அவிழ்த்துக் கட்டி, வண்டிக்கு எட்டத்திலே, காத்துக்குக் கீழாலே கல்லுக் கூட்டித்தான் பொங்குவோம். உள்ளே வைக்கோல் கெடக்குமில்லையா?"

அவர் சொன்னது சாதாரண வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு மதுரை ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. அம்மாளின் கையிலிருந்த தீப்பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டேன்.

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி சனிக்கிழமை. உத்தரப் பிரதேசத்திலிருந்து தெற்கே யாத்திரை வந்தவர்களின் தனி ரயில் பெட்டி ஒன்று மதுரை ஸ்டேஷனையடுத்த தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் அம்மாதம் 17-ந் தேதி லக்ஷ்மணபுரியில், அதாவது லக்னோவில், புறப்பட்டவர்கள். முதல் நாள் நாகர்கோவிலில் புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸுடன் இணைக்கப்பட்ட அந்தப் பெட்டி, விடிவதற்கு முன் மதுரை வந்து, தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. பல நாட்கள் உண்டு உறங்கி வந்த அவர்களுக்கு அது ஒரு வீடாகவே ஆகிவிட்டது. காலை ஐந்தேகால் மணிக்கு அந்த வீட்டில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் வந்து ஏழேகால் மணி சுமாருக்குத் தீயை அணைத்தார்கள். அதற்குள் ஒன்பது உயிர்கள் போய்விட்டன. விதிக்கு விரோதமாக உள்ளே கொண்டுவந்த எரிவாயுச் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே அதிகாரிகள் அறிவித்தார்கள்.

ரயிலில் இத்தகைய பொருளைக் கொண்டுசெல்வது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அந்த யாத்திரிகர்கள் குற்றம் செய்யவேண்டுமென்று எண்ணிப் புறப்பட்டவர்களா? வழியில் வயோதிகர்களுக்கு ஒரு வாய் சூடான தேநீர் கொடுக்கவேண்டுமென்பதற்கு மேல் அவர்கள் என்ன எண்ணியிருக்கப் போகிறார்கள்? சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு நேரும் தவறே இதுதான். வீடு என்று எண்ணும்போது வண்டி என்பதை மறந்துவிடுகிறார்கள். வண்டி என்று எண்ணும்போது வீடு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதை நான் சொன்னதும் சிநேகிதரின் முகம் மாறிவிட்டது. "சரி, இப்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்" என்றார். ஏழெட்டுப் பேர் கூடி அந்த வீட்டு வண்டியைச் சோதனை போட்டோம். நேயர்களில் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களும், இனி வாங்க நினைப்பவர்களும், திருவிழாவுக்கு வேன் அமர்த்திச் சமையல் சாமானுடன் புறப்படுகிறவர்களும் இருக்கக்கூடும். ஆகையால் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எரிவாயு. அடுப்புக்குச் செல்லும் ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. வீட்டில் அசையாமல் இருக்கும் குழாயையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேடு பள்ளத்தில் குலுங்கும் குழாயைப் பற்றிச் சொல்லவேண்டுமா? கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரையைத் தடவ வேண்டும்; குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது யமனுக்கு அழைப்புக் கடிதம் எழுதுவதாகும். அடுத்தபடியாக, சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகையால் ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. சிலிண்டர் இருக்கும் இடத்தின் அடித்தளத்தில் வெளியே போவதற்குத் துவாரம் இருக்கவேண்டும். சிநேகிதரின் வண்டியில் துவாரம் இருந்தது. தூசி வருகிறதென்று அம்மாள் அதன்மேல் ஒரு கோணியை மடித்துப் போட்டிருந்தார்! வாடை தெரிந்தால் மின்சார ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரின் திருகை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கவேண்டும். நிமிர்ந்து நிற்கும்படி இறுக்கிக் கட்டியிருக்கவேண்டும்.

இரண்டாவது, வாடையே இல்லாத எமன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. கேரளத்து வடகரையில் 2024 டிசம்பரில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த அந்த நச்சு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று பிற்பாடு சோதனையில் தெரிந்தது. நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். குளிர்ச்சிக் கருவிக்காக இயந்திரத்தையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு உறங்குவது கூடாது. வண்டியின் தளத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதை உடனே அடைக்கவேண்டும். இந்த வாயுவைக் கண்டு ஓலமிடும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. படுக்கும் இடத்தருகே ஒன்று இருக்கட்டும்.

இதற்குள் பெரியவர் சக்கரங்களண்டை குந்திவிட்டார். "வண்டி கட்டுறதுக்கு முந்தி அச்சு, குடம், ஆரக்கால், கடையாணி எல்லாத்தையும் கையாலே தடவிப் பார்ப்போம். கோடையிலே கட்டை சுருங்கிப் பட்டா கழண்டுபோகும். சக்கரத்தைக் கம்மாத் தண்ணியிலே போட்டு ஊறவைப்போம். வைக்கோல் சாம்பலும் விளக்கெண்ணெயும் குழப்பி அச்சுக்கு மசகு போடுவோம். இதுக்கு என்ன செய்றீங்க?" என்றார்.

இதற்குச் செய்யவேண்டியதும் அதுவேதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷத்து இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்த டயர். சிநேகிதரின் டயர் அதுதான்! "பூவேலை கொஞ்சமும் தேயவில்லையே!" என்றார் பரிதாபமாக. வீட்டு வண்டி ஓடுவது கொஞ்சம், நிற்பது அதிகம். அதனால் டயர் தேய்ந்து கெடுவதில்லை. வெயிலில் வெந்து, வயதாகிக் கெடுகிறது. காற்றின் அளவை, ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். காற்றுக் குறைந்த டயர், சித்திரை வெயிலில் கொதிக்கிற தார்ச் சாலையில் சூடேறி வெடிக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், சிறிது தூரம் ஓடிய பிறகு மரைகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்கவேண்டும். கடையாணியைத் தடவிப் பார்ப்பது என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

பாரம் ஏற்றுவதிலும் பழைய சாஸ்திரமே செல்லுபடியாகிறது. மாட்டு வண்டியில் முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். வீட்டு வண்டியிலும் கனமான சாமான்கள் தாழ்வாக, அச்சுக்கு அருகில் இருக்கவேண்டும். எங்கள் சிநேகிதர் அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு மேலிருந்த பரணில் வைத்திருந்தார்.

நிறுத்தும் இடத்தையும் பார்க்கவேண்டும். திருமங்கலத்துக் கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. ஒரு மழை பெய்தால் வண்டி மூழ்கிவிடும். சக்கரத்தைத் தூக்கும் ஜாக்கியும் உள்ளே இறங்கும். அடியில் வைக்கக் கனமான பலகை ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வைகை மணல் உலர்ந்து கிடக்கிறதே என்று ஆற்றுக்குள் இறங்கி நிறுத்தக் கூடாது. அணையைத் திறந்துவிட்டால் நீர் வந்துவிடும்.

கடைசியாக, வெளியேறும் வழி. படுத்திருக்கும் ஒவ்வொருவரும் இருட்டில் தடவிக்கொண்டே வெளியேறக் கூடியதாக இரண்டு வழிகள் இருக்கவேண்டும். அவற்றின் குறுக்கே பெட்டி படுக்கைகளை அடுக்கக் கூடாது. வாசலண்டை தீயணைக்கும் கருவி இருக்கவேண்டும். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். ஆனால் தீ பெருகிவிட்டால் அதனுடன் மல்லுக்கட்டக் கூடாது. சாமானை விட்டுவிட்டு இறங்கி ஓடுவதுதான் புத்திசாலித்தனம். குழந்தைகளுக்கும் இதை ஒருமுறை செய்து காட்டவேண்டும். எங்கள் குழந்தைகள் பின் ஜன்னல் வழியாகக் குதித்துப் பழகுவதை மிகுந்த உற்சாகத்துடன் நாலைந்து தடவை செய்தார்கள்.

சோதனை முடிந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. குழாய் வெடித்திருந்தபடியால் அடுப்பு மூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சாலையோரத்துக் கடையில் எல்லோரும் காப்பி சாப்பிட்டோம். பெரியவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீடு திரும்பும்போது, சிநேகிதர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டியைக் கொண்டுபோகவில்லை. மறுநாளே புது டயரும் புதுக் குழாயும் வந்துவிட்டன.

கோணியை மட்டும் அம்மாள் எறிந்துவிடவில்லை. இப்போது அது வண்டிக்கு வெளியே, மரத்தடியில் அடுப்பை இறக்கி வைத்துச் சமைக்கும்போது உட்கார உதவுகிறது. வீட்டில் எல்லாம் வண்டியேறலாம். அடுப்பு மட்டும் கூடியவரையில் கீழே இறங்கட்டும் என்பதே அந்தக் குடும்பத்தின் புதுச் சட்டம்.