மூன்று விரல் உப்பு

எங்கள் துறையில் தமிழ் பயின்று, பின்னர் பொதுச் சுகாதாரத்திற்கு மாறிய மாணவி ஒருத்தி, முதுகலைக் களப்பயிற்சிக்காக வங்கதேசம் சென்றிருக்கிறாள். ‘வங்காளம் தெரியாத நான் இங்கு யாருக்குப் பயன்?’ என்று எங்களுக்கு எழுதியிருந்தாள். நியாயமான கேள்விதான்.

உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கவைத்தால், காலரா நோயாளிக்கு ஊசிவழி ஏற்றும் திரவத்தைப் பெரிதும் குறைக்கலாம் என்று 1968இல் டாக்காவில் காட்டியவர்கள் நாலின், காஷ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள். ஆனால் அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். 1980 முதல் பத்தாண்டுகள், பிராக் அமைப்பின் பணியாளர்களாக அவர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தனர்: மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். உப்பு மிகுந்தால் குழந்தைக்கே கேடு. பிறகு வேறொருவர் சென்று சில தாய்மாரைச் சோதிப்பார். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம். (இம்முறை கல்லூரிகளுக்கு வந்தால், நன்னூல் நடத்தும் எங்கள் வீடுகளில் அடுப்பெரிவது ஐயமே.)

சென்ற வாரம் ஒரு கிராமத்தில் அவளும் கரைத்துப் பார்த்திருக்கிறாள். அவள் அள்ளிய உப்பைக் கண்ட மூதாட்டி ஒருவர், பேசாமல் கையைப் பிடித்துப் பாதியை உதிர்த்துவிட்டாராம்.