போதும் என்று சொன்ன கடைகள்

எதைக் கொடுத்தாலும் மனுஷன் போதும் என்று சொல்ல மாட்டான், சோறு போட்டால்தான் சொல்வான் என்று நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்தக் கணக்கில் "போதும்" என்பது சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டிய வார்த்தை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் புதுச்சேரியில் ஓட்டல், மெஸ், பார் என்று வெளியில் சாப்பிட்டுப் பழகிய எனக்கு, ருசி மறந்து போன பிறகும் நினைவில் நிற்பவை வேறு சில கடைகள். அங்கே நான் சொல்வதற்கு முன்பே கடைக்காரர்கள் "போதும்" என்று சொன்னார்கள்.

நான் காரைக்காலில் பிறந்தவன். படித்தது முழுக்கப் பிரெஞ்சில். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கொடுக்கவில்லை. "இங்கேயே இருந்துட்டு எதுக்குடா அந்த ஊர்க் காகிதம்?" என்றார், அவ்வளவுதான். ஆக, பிரெஞ்சு படித்த பையன், இங்கிலீஷில் கோப்பு எழுதும் குமாஸ்தாவாக 1969-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். பகலில் அகராதியோடு மல்லுக்கட்டு, இரவில் முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை. சாப்பாட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மெஸ்.

மெஸ் என்றால் பலகையெல்லாம் கிடையாது. ஒரு விதவை அம்மா தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மாதக் கணக்கில் பதினைந்து இருபது பேருக்குச் சோறு போட்டார். யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்பது ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கும். யார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது அவர் மனதில் இருக்கும். பரிமாறும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைத்தான் பார்ப்பார்.

வந்த மறு வருஷம் மாசி மாதம், எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் என்று இருந்தேன். மூன்றாம் நாள் குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியைத் திருப்பி வாளியிலேயே போட்டுவிட்டார். "தம்பி, குழம்பு போதும். மூணு நாளா சோத்த ஓரத்துலதான் ஒதுக்கற. கண்ணக் காட்டு" என்றார். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "மஞ்சளா இருக்கு. நாளைக்குக் காலைல ஆபீஸ் போகாத, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். மஞ்சள் காமாலைதான். ஒரு மாதம் எனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி, எண்ணெய் இல்லாத துவையல், காலையில் மோரில் அரைத்த கீழாநெல்லி. எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனை கூடம் முழுக்க வரும்போது நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். கெஞ்சினாலும் கிடைக்காது. மாதக் கடைசியில் அந்தக் கஞ்சிக்கு அரைக்கணக்குதான் போட்டிருந்தார்.

அறையை விட்டு வெளியே வரத் தெம்பு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் பழக்கமானது. எங்கள் வாத்தியார்களுக்கு அது நேரு வீதி அல்ல, ரூ துய்ப்ளே. காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, வேலை போன தொழிலாளர்கள் 1957-லிருந்து ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்திய கடைகள் அந்த வகை. விசிறித் தலைப்பாகையும் வெள்ளை உடுப்புமாக சர்வர் வந்து நின்றால், பத்துக் காசு டிப்ஸ் வைக்கவே கூச்சமாக இருக்கும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் சிலர் அங்கே வருவார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா என்று சண்டை பார்த்தவர்கள். பேச்சு வராத பிரெஞ்சு இல்லை, ஆனால் எழுத்து சிலருக்குக் கஷ்டம். பான்சியோன் காகிதம் வந்தால் என்னிடம் நீட்டுவார்கள். நான் படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். காபி அவர்கள் கணக்கு. பிரெஞ்சில் டிப்ஸுக்குப் பூர்புவார் என்று பெயர். குடிப்பதற்கு என்று அர்த்தம். நம் ஊரில் "டீ குடிக்க வெச்சுக்கோப்பா" என்று கொடுக்கிறோமே, அதேதான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஒரு கடைக்கு வழக்கமாக வருகிறவரைப் பிரெஞ்சில் அபித்துவே என்பார்கள். பழகிப்போனவர் என்று பொருள். தமிழில் வாடிக்கை என்கிறோம். எனக்குத் தமிழ் வார்த்தைதான் பிடிக்கும். பிரெஞ்சு வார்த்தை வருகிறவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. வாடிக்கை என்பது கடைக்காரரையும் சேர்த்துச் சொல்வது. வாடிக்கை வைப்பதென்றால் இரண்டு பேர் வேண்டும்.

இனி பார் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரன் சாப்பாட்டைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

1948-லிருந்து சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கொஞ்ச காலம் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். இந்தப் பக்கம் எப்போதும் திறந்தேதான் இருந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் அரசாங்கமே ஏலம் விடும். கோரிமேடு, மதகடிப்பட்டு, முள்ளோடை என்று எந்த எல்லையைத் தாண்டினாலும் முதலில் கண்ணில் படுவது பிராந்திக்கடைப் பலகைதான். சனிக்கிழமை சாயங்காலம் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. கடைசி பஸ்ஸில் திரும்பிப் போகிறவர்களுக்கு உட்கார்ந்திருக்கவே முடியாது.

எங்கள் ஆபீஸ் கோஷ்டி நாலு பேர். சனிக்கிழமை தோறும் சின்னக் கடையொன்றில் மூலை மேஜை. எனக்கு ஒரு பீர், அதற்கு மேல் கிடையாது. நான் போனது பெரும்பாலும் சைட் டிஷ்ஷுக்காக. நெத்திலி வறுவல், கடம்பா மிளகுப் பொரியல், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, தேங்காய் போட்ட சுண்டல். அப்படி ஒரு நெத்திலியைப் பிறகு நான் எங்கும் சாப்பிடவில்லை. பரிமாறியவர் எங்களை விடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் அண்ணே என்போம், அவர் எங்களைச் சார் என்பார். யாருக்கு எத்தனை அவுன்ஸ், யாருக்கு சோடா, யாருக்குத் தண்ணீர் என்று கேட்காமலே கொண்டு வருவார்.

எங்கள் நாலு பேரில் ஒருவர் கடிதம் எழுதினால் மேலதிகாரி ஒரு கமாவைக் கூடத் திருத்த மாட்டார். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சனிக்கிழமை மட்டும் வந்தவர் புதன்கிழமையும் வர ஆரம்பித்தார், பிறகு தினமும். தனியாக வந்து தனியாக உட்கார்ந்தார். சம்பளத் தேதியில் அவர் மனைவி ஆபீஸ் வாசலில் வந்து நிற்பதை எல்லோரும் பார்த்தோம். நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவர் மூன்றாவது குவார்ட்டர் கேட்டபோது அண்ணன் கொண்டு வரவில்லை. துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "போதும் சார். இன்னிக்கு மட்டும் இல்ல. உங்க கை நடுங்குது. வீட்டுக்குப் போங்க" என்றார். நண்பர் எழுந்து கத்தினார். கல்லாவில் இருந்த முதலாளியிடம் போய், உன் ஆள் எனக்குப் புத்தி சொல்கிறான் என்றார். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "அவன் சொன்னது சரிதான் சார். நீங்க முப்பது வருஷம் இங்க வரணும். முப்பது நாள்ல தீர்ந்து போற யாவாரம் எனக்கு வேணாம்."

நண்பர் அன்றே வெளியேறினார். இந்த ஊரில் ஒரு கடை ஊற்றாவிட்டால் பத்தடியில் இன்னொரு கடை ஊற்றும். அவர் அந்த இன்னொரு கடைகளுக்குப் போனார். நாற்பத்தாறு வயதில், ஈரல் கெட்டுப் போனார். சாவுக்கு அந்த அண்ணன் வந்திருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் துண்டைத் தோளில் போட்டபடி, பாடை தாண்டிப் போகும்வரை நின்றார்.

நண்பரின் மனைவிக்கு வாரிசு வேலை கிடைத்தது. என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்தார். பல வருஷம் கழித்து ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் அவரே பேச்செடுத்தார். "எல்லாக் கடைக்காரனையும் சபிச்சிருக்கேன் சார். அந்த ஒரு கடைய மட்டும் சபிக்கல. காசு வர்ற இடத்துல ஒருத்தர் போதும்னு சொன்னாரே." அந்தப் "போதும்" யாரையும் காப்பாற்றவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவருக்கு அது ஒரு கணக்கில் சேர்ந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வெளிச்சாப்பாடு குறைந்தது. மனைவி போன பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கிறது. மகள் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். எனக்கு இந்த ஊர்க் காற்று வேண்டும். சர்க்கரை வேறு பதினைந்து வருஷத் துணை.

இப்போது ஊர் முழுக்கக் கடைகள். சனி, ஞாயிறு வந்தால் கடற்கரைப் பக்கத் தெருக்களில் நடக்க முடியவில்லை. பிரெஞ்சுப் பெயர் வைத்த கடை ஒன்றில் உட்கார்ந்தால் சாப்பாட்டு அட்டை கிடையாது, மேஜையில் ஒட்டிய கட்டத்தை போனில் படம் பிடிக்கச் சொல்கிறார்கள். இரண்டு சாப்பிட்டால் ஒன்று இலவசம், ஒரு விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சாயங்கால நேரத்துக்கு அறிவிப்புப் பலகை. வரும் பையன்கள் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "வேற என்ன சார்?" அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எவ்வளவு விற்றாய் என்றுதான் அவர்களைக் கேட்கிறார்கள். ஒரு முகத்தை இரண்டு தடவை பார்ப்பதற்குள் வேறு கிளைக்கு மாற்றிவிடுகிறார்கள். நாளைக்கு வரப்போகாத ஆளிடம் போதும் என்று யார் சொல்வார்கள்?

என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிபன் கடை இருக்கிறது. நாலு மேஜை. அங்கே பரிமாறுவது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், இருபது வயது இருக்கும். வந்த புதிதில் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இட்லியைக் காட்டி இட்லி, சட்னியைக் காட்டிச் சட்னி என்று கற்றுக்கொண்டான். அகராதியை வைத்துக்கொண்டு நான் இங்கிலீஷ் கற்ற நாட்கள் ஞாபகம் வரும். அதனால் நானும் தினம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பேன்.

போன தை மாதம் கடையில் கேசரி போட்டிருந்தார்கள். பொங்கல் வாரம், எல்லா மேஜைக்கும் ஒரு கரண்டி. எனக்கும் வைத்தான். இன்னும் கொஞ்சம் வை என்றேன். அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான். டிபனுக்கு முன் நான் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டை அங்கேதான் இருக்கும். தினமும் பார்த்திருக்கிறான். கேசரித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "தாத்தா, போதும்" என்றான். அந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பிரெஞ்சில் சா சுஃபி என்று எங்கள் வாத்தியார் சொன்னால் வகுப்பே அடங்கிவிடும். அது அதட்டல். தமிழிலும் "போதும்" அதட்டலாக வரும். ஆனால் கையில் தட்டை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லும்போது வேறு மாதிரி கேட்கிறது.

ரத யாத்திரைக்கு அவன் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அவனுக்குப் பதில் புதிதாக ஒரு பையன். நேற்று இரண்டு இட்லி முடித்ததும் வந்து நின்று, "வேற என்ன சார்?" என்றான். உள்ளே கண்ணாடி அலமாரியில் பால்கோவா இருந்தது. போதும் தம்பி என்று நானே சொல்லிவிட்டு எழுந்தேன்.