குதிகாலுக்குத் தண்ணீர்!

முகத்துக்கு எத்தனை உபசாரம் செய்கிறோம்! பவுடர், மஞ்சள், பொட்டு என்று கண்ணாடி முன் கால் மணி நேரம் நிற்கிறோம். நம்மைச் சுமந்து திரிகிற பாதத்துக்கு என்ன செய்கிறோம், சொல்லுங்கள்? புடவைக் கரையை இழுத்து மறைக்கிறோம், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் குதிகால் வெடிக்க ஆரம்பிக்கிறது. பித்த வெடிப்பு என்கிறோம். பித்தத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. வறண்ட காற்றில் ஈரம் போய்விட்டால் தோல் மரப்பட்டை போல் இறுகிவிடுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் அதன் மேல் இறங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

திருச்செங்கோட்டில் என் அத்தை இருக்கிறாள். பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் ரிக் லாரிகளைத் தேசமெங்கும் அனுப்பும் ஊர் அது. ஆனால் அத்தையின் குதிகாலில் மட்டும் சொட்டு ஈரம் கிடையாது! போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. அர்த்தநாரீசுவரர் மலைக்கு 1,200-க்கு மேற்பட்ட படிகள். அத்தனையும் வெறுங்காலுடன் ஏறுவதாக ஒரு வேண்டுதல் வேறு.

சென்ற தை மாதம் போயிருந்தபோது அவள் காலைப் பார்த்தேன். ஒரு வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது.

"வலிக்கவில்லையா, அத்தை?"

"வலியே இல்லே, கண்ணு!" என்றாள் சந்தோஷமாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலி இல்லாததுதானே அபாயம்! சர்க்கரை வியாதி நாளடைவில் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். வெடிப்பின் வழியே கிருமி புகுந்து புண் முற்றினாலும் தெரியாது. அப்படிக் காலையே இழந்தவர்கள் உண்டு.

அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனேன். புண்ணுக்கு மருந்து கொடுத்து, அது ஆறிய பின் 10 சதவீத யூரியா களிம்பு தடவச் சொன்னார். வெறுங்காலுடன் நடக்கவே கூடாது என்றும் கண்டித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள்: "ஏன் கண்ணு, காட்டுக்குப் போடற உப்பையா காலுல பூசச் சொல்றாரு? அதுக்கு எதுக்குக் காசு? உங்க மாமா வாங்கி வெச்ச மூட்டை இருக்குதே, தேங்காயெண்ணெயில குழைச்சாப் போச்சு!"

இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரலாம். யூரியா நம் உடம்புக்குப் புதிதல்ல. தோலின் மேலடுக்கில் இயற்கையாகவே இருந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. 1828-ல் வோலர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 5, 10 சதவீத யூரியா களிம்புகள் உண்டு. அவற்றில் சேர்வது சுத்தம் செய்த மருந்துச் சரக்கு, அளவும் திட்டமானது. மூட்டை யூரியா பயிருக்காகச் செய்தது. 2015 முதல் அதில் வேப்பெண்ணெய் பூசுவதும் கட்டாயம்.

"வேப்பெண்ணெய் நல்லதுதானே?" என்று மடக்கினாள் அத்தை.

"நல்லதுதான், நெல்லுக்கு!" என்றேன்.

களிம்பை உபயோகிக்கும் முறை சுலபம். குளித்ததும் காலை ஒற்றியெடுத்து, ஈரப்பசை இருக்கும்போதே தடவ வேண்டும். இரவில் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். 5 முதல் 10 சதவீதம் ஈரம் காக்கும். 20-க்கு மேற்பட்டது தடித்த தோலையே கரைக்கும். அதை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். திறந்த புண்ணில் பட்டால் சுரீரென்று எரியும். சர்க்கரை வியாதிக்காரர்கள் விரலிடுக்கில் தடவக் கூடாது. பிளேடால் செதுக்கவும் கூடாது.

வேண்டுதல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மலைப்பாதையில் காரிலேயே போய்த் தரிசனம் செய்தாள். "பாதி உடம்பு பொம்பளையா இருக்கற சாமிக்கு, பொம்பளை கால் கஷ்டம் தெரியாதாக்கும்?" என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். "வலிக்கவில்லை" என்று அவர்கள் சொன்னால், இன்னொரு முறை பாருங்கள்.