சாரலும் பாட்டரியும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் குதூகலிக்கிறது. வெயிலை நம்பி விளக்கேற்றுகிறவர் மட்டும் முகம் வாடுகிறார். ஆனி, ஆடியில் மலைமேல் மேகம் நாட்கணக்கில் கவிந்து கிடக்கும். மின்கம்பி எட்டாத அடிவாரத் தோப்பில் குடியிருக்கும் நண்பர், சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பாட்டரி வாங்கத் தென்காசிக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கடைக்காரர் லாரி பாட்டரியைக் காட்டி, "அண்ணாச்சி, இதுவும் ஈயமும் அமிலமும்தான், விலை சல்லிசு" என்றார். 1859-இல் பிரெஞ்சுக்காரர் பிளாந்தே கண்டது முதல் அடிப்படை ஒன்றுதான். ஆனால் லாரி பாட்டரியின் தகடுகள் மெல்லியவை. எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் வெள்ளமாய்க் கொடுக்கும். இரவெல்லாம் கறந்தால் சீக்கிரம் சாகும். இரவு வேலைக்கு ஏற்றது குழாய்த் தகடு வைத்த 'டியூபுலர்'தான்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஒன்று போதும் என்றார் நண்பர். கணக்குப் போட்டேன்: 1,800 வாட்-மணி. பாதிக்குமேல் இறக்காமலிருப்பது நல்லது, ஆக 900. நாலு விளக்கும் ஒரு சிக்கன விசிறியும் இரவுக்குச் சுமார் 450 தின்னும். இரண்டே இரவு! மூன்றாம் நாளும் வெயில் வராவிட்டால்? நிரம்பாமலே கிடக்கும் பாட்டரியின் தகட்டில் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு எத்தனை வெயில் அடித்தும் பழைய பலம் திரும்பாது.

"இரண்டு வாங்கும், இல்லாவிட்டால் சீசனில் விசிறியை நிறுத்தும்" என்றேன்.

"சாரல் காத்துல விசிறி எதுக்குவே?"

நியாயம்தான். விளக்கு மட்டுமென்றால் 180. ஐந்து இரவு ஓடும். ஒன்றே வாங்கினோம். கூடவே ஊற்றுவதற்குக் காய்ச்சி வடித்த நீர். "ஐந்தருவித் தண்ணியைவிடவா இது சுத்தம்?" என்று வழக்குத் தொடுத்தார். அருவி நீரில் கரைந்த உப்பு தகட்டைக் கெடுக்குமென்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.