ஹாம் அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோருக்கு

அமெச்சூர் வானொலி எனப்படும் ஹாம் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் பெறுவது எப்படி என்று எங்கள் அன்புவழிபுரத்து இளைஞர்கள் சிலர் அண்மைக் காலமாக விசாரிக்கிறார்கள். கையடக்க அலைபரப்பி ஒன்றை இணையத்தில் முதலில் வாங்கிவிட்டு, பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம் தம்பி என்றேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

திருகோணமலையில் என் தலைமுறை வானொலி கேட்டு வளர்ந்தது. இரவு 9.15இற்கு பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலையைத் திருகாத வீடுகள் குறைவு. வடக்கில் 1990களில் பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டார்கள். ஆனால் கேட்பது வேறு, பேசுவது வேறு. அலைபரப்பும் கருவியொன்று வீட்டில் இருக்கிறது என்ற சந்தேகமே ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்கப் போதுமானதாக இருந்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. என்றாலும், மகன் கூரைமேல் கம்பி கட்டுவதைக் கண்டு பதறும் தாய்மாரை இன்றும் காணலாம்.

அந்த அச்சத்துக்கு மருந்து அனுமதிப்பத்திரமே. ஹாம் வானொலியின் சர்வதேச விதிகள் இரகசியத்துக்கு நேர் எதிரானவை. பொருளை மறைக்கும் சங்கேத மொழியில் பேசலாகாது. தனக்கு வழங்கப்பட்ட அழைப்புக் குறியைச் சொல்லியே பேசவேண்டும். இலங்கைக்குரிய குறிகளில் உலகம் நன்கறிந்தது 4எஸ்7 என்று தொடங்குவது. அதைக் கேட்டதும், பேசுபவர் எந்த நாட்டவர் என்பது உலகுக்குத் தெரிந்துவிடும். பணம் சம்பாதிக்கவும் முடியாது, பொதுமக்களுக்கு ஒலிபரப்பவும் முடியாது. செய்தியை ஊருக்கெல்லாம் சொல்வதே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்கள் முதலில் மனதில் இருத்தவேண்டிய விதி இது.

பரீட்சையை நடத்துவதும் அனுமதிப்பத்திரம் வழங்குவதும் கொழும்பிலுள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஆரம்பநிலை, பொதுநிலை, உயர்நிலை என அனுமதிப்பத்திரத்தில் மூன்று வகுப்புகள் உண்டு. அடிப்படை மின்னியலையும் வானொலி விதிகளையும் படிக்கவேண்டும். மோர்ஸ் தந்திக் குறிகளை எண்ணி மலைப்பவர்களுக்கு ஒன்று: 30 மெகாஹேட்ஸுக்குக் கீழே பேச மோர்ஸ் தேர்ச்சி கட்டாயம் என்ற சர்வதேச நிபந்தனை 2003இல் நீக்கப்பட்டு, அந்த முடிவு அந்தந்த நாடுகளிடமே விடப்பட்டது. எந்த வகுப்புக்கு எது தேவை என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டறிக. அலைபரப்பியை இறக்குமதி செய்வதற்கும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பது இங்கே பொருந்தாது.

இத்தனை சிரமம் எதற்கு, கையில்தான் தொலைபேசி இருக்கிறதே என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அம்பாந்தோட்டையில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, விக்டர் குணதிலக்கவும் அவரது ஹாம் நண்பர்களும் சிற்றலை வழியாக அந்த ஊரைக் கொழும்புடன் இணைத்தார்கள். அந்தமானில் போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி, உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குத் தகவல் சேர்த்தார். ஹாம் கருவிக்குக் கோபுரமும் வேண்டாம், இடையில் ஒரு கம்பனியும் வேண்டாம். கார் பற்றரி ஒன்றும் நீண்ட கம்பியும் இருந்தால் போதும். மூதூரையும் கிண்ணியாவையும் கடல் புகுந்து அழித்ததைக் கண்ட மாவட்டம் எங்களுடையது. இங்கே சட்டபூர்வமாகப் பேசத் தெரிந்த பத்துப் பேராவது இருக்கவேண்டாமா?

படிக்கும் காலத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 7 மெகாஹேட்ஸை ஒட்டிய 40 மீற்றர் அலைவரிசையை இரவில் கேட்டுப் பழகுங்கள். சாதாரண வானொலிப் பெட்டியில் ஹாம்களின் பேச்சு வாத்துக் கத்துவதுபோல் இருக்கும். எஸ்.எஸ்.பி. வசதியுள்ள பெட்டியே வேண்டும். மொத்தம் 20 மீற்றர் நீளக் கம்பியை நடுவில் பிரித்து, இரு தென்னைகளுக்கிடையே கட்டினால், நாளைக்கு அலைபரப்பவும் அதுவே அன்ரனாவாக உதவும். எப்படி அழைக்கிறார்கள், எப்படி இடம்விட்டுப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அம்மா பதறினால், விண்ணப்பப் படிவத்தை அவரிடம் காட்டிப் பொறுமையாக விளக்குங்கள்.