ஒரு தாயின் பத்து வருடம்

கேரி மெக்கின்னனின் அம்மாவை இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பறக்கும் தட்டு ரகசியம் தேடி, லண்டனிலிருந்தே அமெரிக்க ராணுவம், நாசாவின் 97 கணினிகளுக்குள் மகன் நுழைந்ததாக வழக்கு. நாடுகடத்தினால் 60 வருடம்வரை சிறை என்றார்கள். பிரிட்டனின் 2003 நாடுகடத்தல் சட்டப்படி அமெரிக்கா முதல்நோக்கு ஆதாரம்கூடக் காட்ட வேண்டியதில்லை. அதுதான் எனக்கு மனசு ஆறவே இல்லை.

மகனுக்கு ஆஸ்பெர்ஜர் என்ற ஆட்டிச வகைப் பாதிப்பு இருப்பது 2008-இல் தெரிந்தது. 'இங்கேயே விசாரியுங்கள்' என்றுதான் அம்மா ஜானிஸ் ஷார்ப் கேட்டார். 2010 தேர்தலில் முன்னாள் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவை அவர் தொகுதியிலேயே எதிர்த்து நின்றார், பாருங்கள்!

2012 அக்டோபர் 16. அமெரிக்காவுக்கு அனுப்பினால் கேரி உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி, உள்துறை அமைச்சர் தெரசா மே நாடுகடத்தும் உத்தரவை ரத்து செய்தார்.

அதுவரை வாசலில் மணி அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?